தலை தட்டிய படி

“தலை தட்டி அள, தலை தட்டி அளன்னு எத்தனை தடவ சொல்றது? கோபுரம் கட்டி உலையில கொட்ட இது என்ன உங்கப்பன் வீட்டு அரிசியா?”

பக்கத்து வீட்டு மூத்த மருமகளின் குரல் என் அடுப்படிவரை கேட்டது.

“தட்டித்தான்க்கா வச்சேன்,” என்று இளையவள் அழுதாள்.

தீப்பெட்டி கேட்கும் சாக்கில் உள்ளே போனேன். என் வீட்டில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை.

“வாங்க, நீங்களே பாருங்க. இன்னொரு வாட்டி குவிஞ்சிருந்தா இவ பொட்டியக் கட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவ புருஷன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

மூத்தவள் தானே படியை நிரப்பி, உள்ளங்கையால் விளிம்போடு வழித்து, மேடைமேல் வைத்தாள். அந்த நேரம் பால் பொங்கியது. மூவரும் அடுப்பைப் பார்த்தோம். திரும்பியபோது படியில் அரிசி குவிந்திருந்தது. உச்சியில் ஒரு சின்னக் குழி.

போன வருஷம் காலமான அவர்கள் மாமியார் அப்படித்தான் அளப்பார். குவித்து, அதன்மேலும் கொஞ்சம் போட்டு, உச்சியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார்.

அன்று மூத்தவளே அந்தக் குவிந்த படியை அப்படியே உலையில் கொட்டினாள்.

அடுத்த மாதமே புருஷனோடு வேறு தெருவுக்குக் குடிபோனாள். அரிசியை இப்போது தராசில் நிறுத்துத்தான் உலையில் போடுகிறாளாம். இளையவள் அதே வீட்டில் இருக்கிறாள். இன்றும் படியை ஒழுங்காகத் தலை தட்டி வைக்கிறாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.