சாமித்தட்டில் ஒரு போத்தல்

சண்முகநாதன் பெண் வீட்டுச் சாமித்தட்டைக் கும்பிடத்தான் கையெடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது.

பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் ஒரு பியர் போத்தல். மூடி உடைக்காதது. அதற்கு முன்னால் செவ்வந்திப் பூ வேறு!

"கமலாம்பிகை, வெளிக்கிடு! உது வீடில்லை, சாராயத் தவறணை!"

அவர் மனைவி அசையவில்லை. கட்டினால் தவமலரைத்தான் கட்டுவேன் என்று மகன் ஸ்ரீதரன் ஒற்றைக் காலில் நிற்கிறான். யூனியன்வில் பெரிய வீட்டிலிருந்து சென் ஜேம்ஸ் ரவுண் வாடகை மாடிக்குப் பெண் கேட்டு இறங்கி வந்ததே அதனால்தான்.

தவமலர் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். அவளுடைய அண்ணன் வீரக்குட்டி மட்டும் பதறவில்லை.

"நான் குடிக்கிறல்ல அங்கிள். லேபிளைப் பாருங்க."

லேபிளில் ஒரு குதிரை வண்டி. அதில் கறுப்புத் தொப்பியும் தாடியுமாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

"ஆர் உவர்? உம்மட குலதெய்வமோ?"

"மெனோனைற் எண்டு ஒரு கிறிஸ்தவச் சனம் அங்கிள். காரும் வேணாம், கரண்டும் வேணாமெண்டு வாட்டர்லூப் பக்கம் குதிரை வண்டியில திரியிற ஆக்கள். அவங்கட பழைய முறையில காய்ச்சின பியர் எண்டு போன வருசம் ஒரு புதுக் கொம்பனி இந்தப் படத்தைப் போட்டு வித்தாங்க."

"அதுக்கு?"

வீரக்குட்டியின் குரல் இறங்கியது.

"பதினஞ்சு வருசத்துக்கு முந்தி, எண்பத்து நாலு மாசி, இந்த நாட்டுக்கு வந்த புதுசு. வேலை தேடி அந்தப் பக்கம் பஸ்ஸில போய், ஸ்னோவில வழி தப்பிட்டன். ஏபிரகாம் எண்ட கிழவர் வண்டிலை நிப்பாட்டி, ஏறு எண்டார். அஞ்சு மாசம் வெச்சிருந்தார். அவர்ர மனிசி சுடுற பாண்ட மணம் இப்பவும் மூக்கில நிக்கிது. விடிய நானும் அவரும் மாட்டுக்கு வைக்கல் போடுவம். அவர் சொல்றது எனக்கு விளங்காது, நான் சொல்றது அவருக்கு விளங்காது. ரெண்டு பேரும் சிரிப்பம். போன மாரியில கண்ணை மூடிட்டார்."

"ஒரு போட்டோவும் இல்லையோ தம்பி?" கமலாம்பிகை கேட்டார்.

"படம் எடுக்கிறது அவங்களுக்குப் பாவம் அன்ரி. இது அவர்தான் எண்டும் சொல்லேலா. அங்க எல்லாருக்கும் இதே தொப்பி, இதே தாடிதான். எனக்கு இதுதான் அவர்."

சண்முகநாதன் கொஞ்சம் இளகினார்.

"அந்தக் குளிருக்க ஏன் அவ்வளவு தூரம் போனனீர்? இஞ்ச எங்கட சனம் இல்லையோ?"

"இந்தக் கட்டடத்திலயே ஒரு தமிழ் வீட்டில வாடகைக்கு அறை இருக்கெண்டு போய்த் தட்டினன். கதவுச் சங்கிலியைக் கழட்டாம ஊர் கேட்டாங்க. மட்டக்களப்பு எண்டன். தங்கட பக்கத்து ஆள் இல்லை எண்டதும் அறை குடுத்தாச்சு எண்டாங்க."

"ஆர் அந்த இரக்கமில்லாத சனம்?" சண்முகநாதனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"மறந்து போச்சு அங்கிள்."

கமலாம்பிகையின் கண்கள் கலங்கிவிட்டன.

"பதினேழாம் மாடி, தம்பி. நாங்கள் அப்ப அதிலதான் இருந்தனாங்கள். கதவைத் திறந்தது நான். 'குடுத்தாச்செண்டு சொல்லு' எண்டு உள்ளுக்கிருந்து கத்தினது இவர்."

சண்முகநாதன் சாமித்தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனி எந்த முகத்தோட உம்மட்டைப் பொம்பிளை கேக்கிறது?" என்றார் கமலாம்பிகை.

வீரக்குட்டி தங்கையின் தட்டிலிருந்து கோப்பையை எடுத்துச் சண்முகநாதன் கையில் கொடுத்தான்.

"குடிங்க அங்கிள், பிறகு கலியாணத்துக்கு நாள் பார்ப்பம். இண்டைக்கு நீங்க வாசல்ல நிண்டு கதைக்கக்குள்ளயே, அண்டைக்கு உள்ளுக்கிருந்து கத்தின குரல்தான் எண்டு மட்டுக்கட்டிட்டன். அதுக்குப் பிறகுதான் உள்ள வாங்க எண்டன்."