செய்து காட்டும் பெல்ட்

விமானப் பணிப்பெண்ணின் பைக்குள் ஒரு சீட் பெல்ட்டும் ஓர் ஆக்சிஜன் முகமூடியும் இருந்தன. விமானம் கிளம்புமுன் பயணிகளுக்குச் செய்து காட்டுவதுதான் இரண்டுக்கும் வேலை.

முகமூடிக்கு எப்போதும் எரிச்சல். "நம்மள யாரு பாக்குறாங்க? எல்லாரும் போன்லயே இருக்காங்க. நீ மட்டும் எதுக்கு 'டக்'குன்னு அவ்வளவு சந்தோஷமா மாட்டிக்கிற?"

"அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்" என்றது பெல்ட்.

"நானும் புதுசுல இப்படித்தான் இருந்தேன். போகப் போகத் தெரியும்."

அன்று பெல்ட் வெளியே வந்தபோது, ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதல் விமானப் பயணம். பூட்டத் தெரியாமல், தன் பெல்ட்டை இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

பெல்ட் வழக்கம்போல 'டக்' என்று மாட்டிக் காட்டியது. அவள் உற்றுப் பார்த்தாள். அவசரமாக முடிச்சை அவிழ்த்தாள். அங்கிருந்தும் ஒரு 'டக்' கேட்டது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அடுத்து முகமூடி வெளியே வந்தது. அவள் அதையும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

பைக்குள் திரும்பிய முகமூடி தன் வாரை இழுத்து நேராக்கிக்கொண்டது. பிறகு மெதுவாகக் கேட்டது:

"இன்னைக்கு நான் கொஞ்சம் கோணலாத் தொங்கிட்டேனோ?"