மச்சினர் மாத்திரை

மருந்துச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்ட சர்வேயர், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மருந்துக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். பின்னால் உட்கார்ந்திருந்த மகளும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு மாதமாகவே அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

கல்லூரியில் இறுதி ஆண்டு. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருப்பாள். ஓராண்டு மாத்திரை சாப்பிட்டால் எழுந்துவிடுவாள், ஆனால் நாளைக் கடத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'இருந்து என்ன ஆகப் போகுது' என்று அவள் சொன்னதை அவர் தாளில் குறித்துக்கொண்டதைச் சர்வேயரும் பார்த்தார்.

வீட்டு வாசலில் இறங்கியபோது மட்டும் மகள் ஒன்று கேட்டாள்.

"நான் பைத்தியமாப்பா?"

அவர் வண்டியைப் பூட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். விவரம் கேட்டதும் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். எதிர் வீட்டுப் பையன் இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்ததும் தெருவில் எல்லோரும் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டதை நினைவுபடுத்தினாள்.

"வேண்டாங்க. முதல் பத்து நாள் நாக்கு அப்படியே ஒட்டிக்கும். காலைல எழுந்தா தலையில ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். பரீட்சை நேரத்துல எப்படித் தாங்குவா?"

சர்வேயர் உடனே ஒத்துக்கொண்டார். நம் இரண்டு பக்கத்திலும் யாரும் இதைத் தொட்டதில்லை, இவள் மட்டும் ஏன் தொட வேண்டும் என்றார். குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது.

மாலை நடை, பழச்சாறு, நல்ல வார்த்தை என்று மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் தன் பாடப் புத்தகங்களை எல்லாம் கயிற்றால் கட்டி, பழைய பேப்பர் அடுக்கின் மேல் கொண்டுபோய் வைத்தாள். இனிமேல் தேவைப்படாதாம்.

மனைவி கட்டைப் பிரித்துப் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினாள்.

மறுநாள் முழுக்க யோசித்தார். அதற்கடுத்த நாள், மனைவி நூலகத்துக்குக் கிளம்பிய பிறகு, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சீட்டை எடுத்தார். எந்தக் காகிதமானாலும் எழுத்து உள்ளே போகும்படி நாலாக மடிப்பது அவர் பழக்கம். இந்தச் சீட்டு இரண்டாக மடிந்திருந்தது, அதுவும் எழுத்து வெளியே தெரியும்படி. அன்றைய பதற்றத்தில் இதைக்கூட ஒழுங்காக மடிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார்.

பக்கத்துத் தெருவிலேயே இரண்டு மருந்துக்கடை இருந்தும் ஊரின் மறுகோடிக்குப் போனார். ஐந்தே முக்கால் கிலோமீட்டர். கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"வாங்க சார். மச்சினர் எப்படி இருக்கார்? வழக்கமான அட்டைதானே?"

எட்டு வருடமாக இதே விசாரிப்பு. மச்சினர் நன்றாகத் தூங்குகிறார், ஒழுங்காக வேலைக்குப் போகிறார் என்று எட்டு வருடமாக இதே பதில். சர்வேயருக்கு மச்சினரே கிடையாது. அவரும் சரி, அவர் மனைவியும் சரி, வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளைகள்.

மாத்திரை அவருக்குத்தான். வீட்டில் அது வாயுத் தொல்லை மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும். ஒருமுறை மனைவி, வயிறு உப்புசமாக இருக்கிறது, எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று கேட்டபோது, காலாவதியாகிவிட்டது என்று தடுத்துவிட்டார். அன்று இரவு அதே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கண் முன்னாலேயே விழுங்கியும் தொலைத்தார்.

இன்று தன் சீட்டோடு இரண்டாவது சீட்டையும் நீட்டினார். இது யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார்.

"என் பொண்ணுக்கு."

அந்தக் கடையில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

வீட்டுக்கு வந்து மகளின் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வயல்வரப்பில் அளவு நாடாவைப் பிடித்தபடி, அதிலுள்ள எண் கண்ணுக்குத் தெரியாமல், காரணமும் தெரியாமல் அழுதுகொண்டு நின்றதில் தொடங்கினார். யாருக்கும் தெரியாமல் பார்த்த டாக்டர், வாயு டப்பா, மச்சினர் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"அன்னிக்குக் கேட்டியே கண்ணு, நீ பைத்தியமான்னு. உன் அப்பா பைத்தியமா, சொல்லு."

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தாங்க மாட்டா" என்றபடி அட்டையை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே அதே மாத்திரை அட்டை. இரண்டு குழிகள் காலியாக இருந்தன.

யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார்.

"அம்மாதான். உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னாங்க" என்றாள் மகள். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அவங்க போட்டுக்கிற மாத்திரைய, ஆறு வருஷமா, நாத்தனாருக்குன்னு சொல்லித்தான் வாங்குறாங்களாம்ப்பா."