ஒட்டிக்கொண்ட வளையம்

பட்டறையில், வேனிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பின்சீட்டில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அண்ணன் ஸ்டூலில், விசிறிக்கு நேர் எதிரே. அவள் கணக்கு மேசையில். அண்ணி மாடியில், கட்டிலில். எழுந்து நடக்க டாக்டர் இன்னும் விடவில்லை.

அவள் கணவன் மட்டும் உட்காரவில்லை. காருக்கடியில் மல்லாந்து கிடந்தான்.

வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் ஒரு கையும்தான். முழங்கையின் உட்பக்கத்தில் கன்றிப்போயிருந்த இடம் நீலம் போய் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

கம்பெனி வண்டி அது. போன வாரம்தான் எண்ணெய் மாற்றி அனுப்பியது. நடுரோட்டில், எண்ணெய் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்து, நின்றுவிட்டது. அடியில் தடவிப் பார்த்தால் ஒரே எண்ணெய்.

கம்பெனி மேனேஜர் டிரைவரிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். தப்பு யாருடையது, அந்த ஆளை என்ன செய்தீர்கள், இரண்டையும் எழுத்தில் வாங்கி வா. இல்லையென்றால் இனி எங்கள் வண்டிகள் வேறு பட்டறைக்கு.

பட்டறை அண்ணனுடையது. மாடியில் அண்ணன் குடித்தனம், பின்னறையில் அவர்கள் குடித்தனம். இரண்டும் அந்தக் கம்பெனி வண்டிகளில்தான் ஓடின.

அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. சொட்டுவது அடியில், பழைய எண்ணெயை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட்டில். போல்ட்டை முறுக்குவது மாப்பிள்ளை. வேறென்ன பார்க்க வேண்டும்? காலையிலிருந்து இதையே மூன்று விதமாகச் சொல்லிவிட்டார்.

அவள் கணவன் வெளியே ஊர்ந்து வந்து எழுந்தான். எண்ணெய் மேலேயிருந்து வழியும், கசிகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு என்று மட்டும் சொன்னான். மண்ணெண்ணெய் விட்டு இன்ஜினை மூலைமுடுக்கெல்லாம் கழுவினான். துணியால் ஒற்றிக் காயவைத்தான். பிறகு அவளிடம் பவுடர் டப்பாவைக் கேட்டான்.

அவள் முகத்துக்குப் போடுகிற பவுடர். இன்ஜின் முழுக்கத் தூவினான்.

"என்ன மாப்பிள்ளை, போட்டோ எடுக்கவா கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் அண்ணன்.

டிரைவர் சிரித்தார். அவன் தூவுவதை நிறுத்தவில்லை.

வண்டி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. அணைத்துவிட்டு டார்ச் அடித்தான். டிரைவர் குனிந்தார், அவளும் எழுந்துபோய்க் குனிந்தாள். அண்ணன் ஸ்டூலைவிட்டு அசையவில்லை.

டிரெயின் போல்ட் வெள்ளை வெளேரென்று இருந்தது. பொட்டு ஈரம் இல்லை.

மேலே, எண்ணெய் ஃபில்டரின் கழுத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு கிளம்பி, பவுடரை நனைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

ஃபில்டரைத் திருகிக் கழற்றினான். அதன் வாயில் புது ரப்பர் வளையம் இருந்தது. பிறகு இன்ஜின் பக்கம் விரலைவிட்டுச் சுற்றித் தடவி, அங்கிருந்து இன்னொரு வளையத்தை உரித்து எடுத்தான். பழையது.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் சில சமயம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின்மேல் வளையம். கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் பிதுங்கும். மனசு வேறெங்கோ இருக்கும்போது செய்கிற தப்பு.

அவள் கணவன் விரலால் தடவாமல் எந்த ஃபில்டரையும் மாட்டியதில்லை. வீட்டில் பாட்டில் மூடியைத் திறந்தால்கூட அதன் வாயை ஒரு சுற்றுத் தடவுவான். அவள் கேலி செய்வாள்.

இரண்டு வளையங்களையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். யாரும் வாங்கவில்லை.

ஃபில்டரை மாட்டியது யார் என்று டிரைவர் கேட்டார்.

மாடியில் அண்ணி தண்ணீருக்காக டம்ளரால் கட்டிலைத் தட்டினாள். அண்ணன் மாடியைப் பார்த்தார். வளையங்களைப் பார்த்தார். அவற்றை ஏந்தியிருந்தவனின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எழுதும்மா. வேலையாளோட கவனக்குறைவு, ஆளை நிறுத்தியாச்சுன்னு எழுது."

முதலாளியின் தப்பென்றால் பட்டறை போகும். வேலையாளின் தப்பென்றால் ஆள் மட்டும் போவான்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், பேனாவை மூடிவிடலாம். அவன் ஃபில்டரின் வளையத்தில் புது எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"மச்சான் சொல்றபடியே எழுது" என்றான், நிமிராமல்.

அவன் ஃபில்டரை மாட்டினான், எண்ணெய் ஊற்றினான், கீழே புது அட்டை விரித்து வண்டியை மறுபடி ஓடவிட்டான். அவள் எழுதினாள். பட்டறையின் கடிதங்களெல்லாம் அவள் கைதான். பள்ளிக்கூடத்தில் படித்த முறை ஒருநாளும் தவறியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. வாய்க்கு வாய் மாப்பிள்ளை என்று கூப்பிடப்படுகிறவனை 'வேலையாள் ஒருவர்' என்று எழுதினாள். கையெழுத்து கோணவில்லை.

எண்ணெய் மாற்றிய தேதியைப் போட வேண்டியிருந்தது. அண்ணன் நெற்றியைத் தேய்த்தார், ஞாபகம் வராதவர்போல.

அவளுக்கு எந்த நோட்டையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அண்ணிக்கு ஆபரேஷன் நடந்த நாள். ரத்தம் நிற்கவில்லை. பொருந்துகிற ரத்தம் வீட்டில் ஒருவனுக்குத்தான் இருந்தது. அந்த ஒருவன் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஆஸ்பத்திரியில் இருந்தான். வண்டியைச் சாயங்காலம் தருவதாகச் சொல்லிவிட்டோமே என்று, அண்ணன் மட்டும்தான் அன்று பட்டறைக்கு வந்தார்.

தேதியைப் போட்டாள்.

அண்ணன் வாசிக்காமலே கையெழுத்திட்டார். அவள் உறையில் பசை தடவி மடித்ததும், நன்றாக ஒட்டட்டும் என்று கட்டைவிரலால் அவரே அழுத்தினார். காலையிலிருந்து எதையும் தொடாத விரல். உறையில் ஒரு கறையும் விழவில்லை.

டிரைவர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். வண்டி நின்ற இடத்தில், அட்டையில், ஒரு சொட்டும் இல்லை.