ஐப்பசிக் கொடை

என் சட்டைப்பையில் அம்மாவின் போன் அதிர்ந்தது.

ஜப்பானில் நர்ஸ் வேலையில் இருக்கும் தங்கை மாரிச்செல்வி படம் அனுப்பியிருந்தாள். கல் பாவிய பாதை, இரண்டு பக்கமும் நெட்டை மரங்கள். அடுத்த படத்தில் அவள் உள்ளங்கையில் ஒரு கடி கடித்த மிட்டாய்.

கூடவே குரல். "எம்மா, இது இங்கன பழைய ராஜாக்க காலத்து ரோடு. லீவு நாள்லா, பொழுதடைய நடந்துக்கிட்டே திங்கப் போறேன். இந்த மிட்டாய் நம்ம பலாக்கொட்ட ருசி."

அம்மா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். காலை ஐந்து மணிக்கு மூச்சு நின்றது.

மாரிச்செல்வியின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. கைக்கு வர இன்னும் பத்து நாள். அவளால் கிளம்ப முடியாது.

"வர முடியாத பிள்ளைட்ட இப்பச் சொல்லி என்ன செய்யப் போற?" என்றார் வேல்சாமி சித்தப்பா. "அந்தக் காட்டுக்குள்ள ஒத்தையில பட்டினியா நடப்பா. எடுத்த பெறகு சொல்லுவோம்."

எங்களில் சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால், எடுக்கிறவரை பிள்ளைகள் பல்லில் பச்சைத்தண்ணீர் படாது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எந்தப் படம் வந்தாலும் ஒரு ரோஜாப்பூ போடுவாள்.

நான் போட்டேன்.

ஏழு மணிக்குத் தங்கையே கூப்பிட்டாள். போனோடு வீட்டின் பின்பக்கம் ஓடினேன்.

"அம்மாட்ட குடுண்ணே."

"குளிக்கா."

வாசலில் மேளம் தொடங்கிவிட்டது.

"அங்கன என்னண்ணே கொட்டுச் சத்தம்?"

"கோயில் கொடை."

வாயில் அதுதான் வந்தது. ஐப்பசியில் எங்கள் ஊரில் எந்தச் சாமிக்கும் கொடைத் திருவிழா கிடையாது.

அந்தப் பக்கம் மணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கரடி வராம இருக்க வழிநெடுக மணி கெட்டிருக்கான்," என்றாள். "அடிச்சுக்கிட்டே போகணும்ணே."

வைத்துவிட்டாள்.

நம்பிவிட்டாள் என்று கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு மரத்தட்டு நிறைய சாம்பல் நிற நூடுல்ஸ். குரல் இல்லை, படம் மட்டும். கோவில்பட்டியிலிருந்து வந்த ரோஜா மாலைகளை அப்போதுதான் பெட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரோஜாப்பூ போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு, குச்சியில் செருகிச் சுட்ட ஒரு பலகாரம். தட்டையாக, நீளவாக்கில்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இதென்னடே, செருப்பக் குச்சியில குத்தி வச்சிருக்கான். இதையுமா திங்கா?"

சிரித்துவிட்டார். சிரித்த வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்கும் ஒரு ரோஜாப்பூ.

மூன்று மணிக்கு எடுத்தோம். முந்தின நாள் மழையில் கரிசல் காலை விடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் மண் பாதத்தோடு வந்தது. பாதி வழியில் போன் அதிர்ந்தது. என் கையில் கொள்ளிச்சட்டி இருந்தது.

எல்லாம் முடிந்து, குளித்து, ஈரத் துண்டோடு வீட்டுக்கு வர ஐந்தரை ஆகிவிட்டது. இனிச் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தும் ஒன்றும் அமையவில்லை.

போனைத் திறந்தேன். உப்புத் தடவிச் சுட்ட முழு மீன் ஒன்று. நீலத் தட்டு. பின்னால் ஒரு விடுதி அறையின் பாய்.

அதன் கீழே குரல்.

"அண்ணே, எடுத்தாச்சா?"

அவ்வளவுதான் இருந்தது. மறுபடி கேட்டேன். அண்ணே என்றுதான் கூப்பிட்டிருந்தாள், அம்மாவின் போனில்.

விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன். மீனில் ஒரு செதில்கூடப் பெயரவில்லை. செருப்புப் பலகாரத்தில் பல் படவில்லை. நூடுல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் சாப்பிடும் குச்சிகள் காகித உறைக்குள்ளேயே இருந்தன.

கடித்திருந்தது அந்த முதல் மிட்டாய் மட்டும்.