ஏரிக்குள் இறங்கிய வைக்கோல் லாரி

வைக்கோல் லாரி எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைக் கவைக்கம்பால் தூக்கிப் பிடிப்பது என் வேலை. அன்று கம்பு நழுவியது. மின்கம்பி பாரத்தில் உரசி ஒரு பொறி விழுந்தது. நான் நிமிர்வதற்குள் பாதி வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. தெருவின் இருபுறமும் கூரை வீடுகள்.

"வண்டிய நிறுத்துய்யா, எரியுது!" என்று எல்லோரும் கத்தினோம். ஓட்டுநர் தலையை நீட்டி மேலே பார்த்தார். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். "குடிகாரப் பயலே!" என்று பூங்காவனத்தக்கா கல்லை எறிந்தாள். நானும் எறிந்தேன். லாரி தெருவைத் தாண்டி, மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் சரிவில் பாய்ந்து, ஏரிக்குள் போய்த்தான் நின்றது.

நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது அவர் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார். புருவம் கருகியிருந்தது. நெற்றியில் ரத்தம். புகையும் லாரியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீடு ஏதாச்சும் பத்திக்கிச்சா?"

"ஒண்ணுகூட இல்ல சாமி." அக்கா நீரில் இறங்கி, முந்தானையை அவர் நெற்றியில் வைத்து அழுத்தினாள். "இந்தக் கல்லு என்னுதுதான்."

"நல்ல குறிதான்க்கா உனக்கு," என்று அவர் சிரித்தார்.

கம்பை நழுவவிட்டவன் நான் என்றேன். அவர் கேட்காதவர்போல என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறத் தொடங்கினார்.