மூன்று பல்லிகளில் ஒன்று

விண்கலத்தின் கதவு திறந்ததும் மூன்று ராட்சதப் பல்லிகள் உள்ளே வந்தன.

மகள் நிறுத்தச் சொன்னாள். அவள் கணவர் ரிமோட்டை அழுத்த, பல்லிகள் வாசலிலேயே நின்றன.

பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைத் தொடர். சுவரெல்லாம் அட்டை என்பது கதவைச் சாத்தும்போதே தெரிந்துவிட்டது. பல்லிகள் ரப்பர். நடுப்பல்லியின் முதுகில் ஜிப் கூடத் தெரிந்தது.

அந்த மூன்றில் ஒன்றுக்குள் அவளுடைய அப்பா இருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய அந்த மகள் அப்பாவைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிறாள். கல்யாணப் போட்டோவில் விறைத்துக்கொண்டு நிற்பார். வேலை அடையாள அட்டையில் திருட்டு முழி முழிப்பார். எந்தப் போட்டோவிலும் நடக்க மாட்டார், திரும்ப மாட்டார், கையை ஆட்ட மாட்டார். அசைகிற அப்பா என்று ஒருவர் இருந்தால், அது இந்த ஒரே எபிசோடில்தான்.

அந்தத் தொடரை எடுத்த ஸ்டுடியோவில் செட்டுச் சாமான்களைத் தூக்கிப் போடுகிற வேலை அவருக்கு. முகம் தெரியாத வேஷத்துக்கு ஆள் குறைந்தால், உயரமாக இருக்கிறார் என்று அவரை இழுத்து உள்ளே விட்டு ஜிப்பை ஏற்றிவிடுவார்களாம். பேர் போடுவதெல்லாம் கிடையாது. மூன்று பேரில் தான் யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும் என மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சிரித்தாராம்.

அது டிவியில் வருவதற்குள் அவரே போய்விட்டார். மாரடைப்பு. சாகிற வயசே இல்லை. எபிசோட் வந்த அன்றைக்கு அந்த வீட்டில் டிவி பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

பிறகு அந்த எபிசோடே உலகத்தில் இல்லை என்றார்கள். பழைய டேப்பையெல்லாம் அழித்துவிட்டு, அதன் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டார்களாம். எங்கோ வேறொரு நாட்டு டிவி நிலையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், ஒரு ஃபிலிம் டப்பாவைக் குப்பையில் போட மனசு வராமல் அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அது இப்போதுதான் வெளியே வந்தது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு மகள் காலையிலிருந்து மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிப் பார்த்தாள். தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

மகள் பிசியோதெரபிஸ்ட். வராந்தாவில் ஆள் நடந்து வரும்போதே கோளாறு முட்டியிலா இடுப்பிலா என்று சொல்லிவிடுவாள். அந்தத் திமிரோடுதான் டிவி முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பும். அவள் பையனுக்கும் அப்படியே. ஒரு பல்லிக்காவது அது இருக்காதா?

ஓடவிட்டார்கள். மூன்றும் ஒரே மாதிரி, நனைந்த மெத்தையைச் சுமந்து வருகிறவர்கள் போல அசைந்து அசைந்து வந்தன. அந்த ரப்பருக்குள் யாருக்கும் முட்டியே மடங்கவில்லை.

பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். படித்த படிப்பு, பார்த்த வேலை எல்லாம் கைவிட்டுவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து அப்பா கண்ணெதிரே நடந்து வந்திருக்கிறார். எது அவர் என்று தெரியாமலேயே படம் முடிந்துவிடப் போகிறது.

இனி நிறுத்த வேண்டாம் என்று கணவரிடம் கையைக் காட்டினாள்.

பல்லிகள் முன்னேறின. விண்கலத்திலிருந்த விஞ்ஞானி ஏதோ ஒரு குழாயை நீட்டினார். வெளிச்சம் பளிச்சிட்டது. முதல் பல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று விழுந்தது. இரண்டாவது, இடம் பார்க்காமல் அதன் மேலேயே விழுந்தது.

மூன்றாவது மட்டும் சாவதற்கு அவசரப்படவில்லை. சுவரில் சாய்ந்தது. சுவர் ஆடியது. வலது கையைத் தூக்கி வயிற்றில் மெல்ல இரண்டு தட்டு தட்டி, மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவிவிட்டு, பிறகு சாவகாசமாகச் சரிந்தது.

"அந்த மூணாவது ஆளுக்கு மட்டும் வயித்து வலி போல" என்றார் கணவர்.

அந்த நிலையிலும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய கை தானாகத் தன் வயிற்றுக்குப் போயிருந்தது. மெல்ல இரண்டு தட்டு. மேலிருந்து கீழாக ஒரு தடவல்.

"வேலை விட்டு வந்ததும் வராததுமா, செருப்பைக்கூடக் கழட்டாம, என் வயித்துல இப்படித்தான் பண்ணுவார்" என்றாள் அம்மா. "எனக்கில்லடி. நீ அப்போ உள்ள இருந்தே."